விளையாட்டுக் கேள்வி–பதில்: உயரம் பாயும் பிள்ளைகளுக்காக

கேள்வி: ஐயா, என் மகன் தரம் 10 இல் படிக்கிறான். இவ்வருடம் வலயமட்டப் போட்டியில் உயரம் பாய்தலில் முதலாம் இடம் பெற்றான். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை இருப்பதால், இனி மைதானப் பக்கமே போகக்கூடாது என்று அவனுடைய அப்பா சொல்லிவிட்டார். எங்கள் ஆட்களில் உயரம் பாய்ந்து முன்னுக்கு வந்தவர்கள் யாராவது உண்டா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: உண்டு, அம்மா. அவருடைய பெயரை உங்கள் மகனுக்கும் மகனின் அப்பாவுக்கும் சேர்த்தே சொல்லுங்கள்: நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த அவர், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்ந்தபோது அவருக்குப் பதினெட்டு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அதாவது இன்று உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையின் வயது. 1956இல் மெல்பேர்ன் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அதுதான். நான்கு வருடங்களின் பின் ஜகார்த்தாவில் வெள்ளியும் வென்றார்.

நான் சொல்ல விரும்புவது பதக்கங்களைப் பற்றி மட்டுமன்று. பாய்ந்துகொண்டிருந்த அதே வருடங்களில்தான் அவர் படித்துக்கொண்டும் இருந்தார். லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அதன்பின் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கற்பித்தலுக்கும் கல்விப் பணிக்குமே கொடுத்தார். 2024இல் தமது 89ஆவது வயதில் காலமானார். நம்முடைய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

உங்கள் கணவரின் கவலை நியாயமானதே. ஆனால் உயரம் பாய்தல் அதிக நேரம் கேட்கும் விளையாட்டன்று. நெடுந்தூரம் ஓடுபவரைப்போல நாள்தோறும் பயிற்சி செய்ய வேண்டியதில்லை; வளரும் பிள்ளை நாள்தோறும் குறுக்குத்தடிக்கு மேலாகப் பாய்ந்தால், மிதித்தெழும் காலின் கணுக்காலும் முழங்காலும்தான் பழுதாகும். வாரத்தில் மூன்று மாலைகள், அவற்றிலும் ஒரு நாள் மட்டும் தடிக்கு மேலாகப் பாய்ச்சல், மற்ற இரண்டு நாட்களும் குறுந்தூர ஓட்டமும் துள்ளற் பயிற்சியும் என்று வைத்துக்கொண்டால், ரியூஷன் வகுப்பு எதையும் தவறவிட வேண்டியிராது. பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதங்கள் பாய்ச்சலை நிறுத்திவிடட்டும். அதனால் இழப்பது எதுவுமில்லை.

கேள்வி: எங்கள் பாடசாலையில் மெத்தை இல்லை, மணற்குழி மாத்திரமே உண்டு. முதுகைத் தடிக்குக் காட்டிப் பாயும் முறையைக் கைபேசியில் பார்த்துப் பழகலாமா?
– மாணவன், மூதூர்

பதில்: தம்பி, மணலில் அந்த முறையை ஒருபோதும் முயலாதீர்கள். அதை 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் உலகறியச் செய்து 2.24 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றவர் அமெரிக்காவின் டிக் பொஸ்பரி. அவர் விழுவதற்கு அங்கே தடித்த மெத்தை இருந்தது. அந்த முறையில் உடல் தோளிலும் மேல்முதுகிலும் விழுகிறது, கழுத்து மடிகிறது. ஆசிரியராக இருந்த காலத்தில், நான் வருவதற்கு முன் தானாகவே முயன்று பார்த்த ஒரு மாணவனை மணலிலிருந்து தூக்கியிருக்கிறேன். சில நிமிடங்கள் அவனால் பேச முடியவில்லை, வாய் நிறைய மணல். பெரிய பாதிப்பு ஏதுமில்லை என்று வைத்தியர் சொல்லும்வரை நான் பட்ட பாட்டை இன்றும் மறக்கவில்லை.

அதற்காகப் பாய்வதை விட்டுவிட வேண்டாம். எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் பாய்ந்தது, பொஸ்பரியின் முறையை உலகம் காண்பதற்குப் பத்து வருடங்களுக்கு முன்பு. நீங்கள் கத்தரிக்கோல் முறையில் தொடங்குங்கள்: தடிக்கு அண்மையிலுள்ள காலை நீட்டி முதலில் வீசி, மிதித்தெழுந்த காலைப் பின்னால் கொண்டுவந்து, காலூன்றியே இறங்குவது. இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. கத்தரிக்கோல் முறையிலும் பொஸ்பரி முறையிலும் மிதித்தெழுவது தடிக்குத் தொலைவிலுள்ள அதே காலால்தான். எனவே இன்று மணலில் பழகும் மிதிப்பு, நாளை மாகாணமட்டத்தில் மெத்தை கிடைக்கும்போது அப்படியே கைகொடுக்கும். சுண்ணாம்புத் தூளால் ஒரு வளைவு வரைந்து, கடைசி ஐந்து அடிகளை அந்த வளைவிலேயே, உட்பக்கம் சாய்ந்தபடி ஓடிப் பழகுங்கள். வெறுங்காலுடன் ஓடினால், கடைசித் தடத்தில் குதிகால் பதிந்திருக்கிறதா, விரல் நுனி மாத்திரம் பதிந்திருக்கிறதா என்பது மண்ணிலேயே தெரியும். முழுப் பாதமும் பதிய வேண்டும். மணலை ஒவ்வொரு முறையும் கிளறிவிடுங்கள். தடிக்குப் பதிலாக இழுத்துக் கட்டிய கயிறு வேண்டாம், இலாஸ்ரிக் நாடா போதும்.

மெத்தையும் நவீன முறையும் எவ்வளவு கொடுக்கும் என்று அறிய விரும்பினால்: 2021இல் உஷான் திவங்க பெரேரா 2.30 மீற்றர் பாய்ந்து இலங்கைச் சாதனை படைத்தார். மெத்தைக்காக உங்கள் அதிபர் விண்ணப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: இல்ல விளையாட்டுப் போட்டியில் என் மகளும் இன்னொரு பிள்ளையும் ஒரே உயரம் பாய்ந்தும் மகளுக்கு இரண்டாம் இடமே கொடுத்தார்கள். இது சரியா?
– ஒரு தகப்பன், கிண்ணியா

பதில்: சரியாகவே இருக்கலாம். இருவரும் கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யார் குறைவாகத் தவறவிட்டார் என்று முதலில் பார்ப்பார்கள். அதுவும் சமமானால், அந்த உயரம்வரை மொத்தத் தவறுகளைக் கணக்கிடுவார்கள். பாயாமல் விட்ட முறை தவறாகாது. அப்போதும் முதலிடம் சமமாக இருந்தால் மீண்டும் பாய வைக்கலாம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டாரின் பர்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் 2.37 மீற்றர்வரை ஒரு தவறுமின்றிப் பாய்ந்து, 2.39இல் இருவருமே மூன்று முறையும் தவறி, மீண்டும் பாய்வதற்குப் பதிலாகத் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். நடுவரின் பதிவுத்தாளில் தாண்டிய முயற்சிக்கு வட்டமும் தவறிய முயற்சிக்குப் புள்ளடியும் இருக்கும். பொறுப்பாசிரியரிடம் அதைக் கேட்டு வாங்கி, மகளுடன் உட்கார்ந்து பாருங்கள்; எந்த உயரத்தில் முதல் முயற்சியைத் தவறவிடுகிறாள் என்பதும் அதிலேயே தெரியும்.