அப்பாவின் சைக்கிளை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. லிம்போமா என்ற ரத்தப் புற்றுநோய். ஜிப்மரில் ஆறு கீமோ முடிந்து நான்கு மாதம் ஆகிறது. நோய் அடங்கிவிட்டது என்கிறார்கள். ஆனாலும் ஓயாத அசதி, எந்நேரமும் படுக்கை. யாரிடமும் பேசுவதில்லை. நாங்கள் ஒரு துரும்பைக்கூட எடுக்க விடுவதில்லை. அவர் சைக்கிளையும் அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டோம். தெம்புக்கு நல்ல டானிக் சொல்லுங்களேன்.
- ஒரு மகன், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: சைக்கிளைக் கொடுக்கும்போது அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். ஒருவருடைய பொருளை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுப்பதெல்லாம் கருமாதி முடிந்த பிறகு செய்கிற வேலை. அதை அவர் கண்ணெதிரே செய்துவிட்டு, பேசுவதில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் அதை ஓட்டி வாருங்கள். பையன் அழுதால் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். அப்பா உடனே ஏற வேண்டாம். காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விடட்டும்.

'துரும்பைக்கூட எடுக்க விடுவதில்லை' என்று பெருமையாக எழுதுகிறவர்கள் நிறையப் பேர். பெருமைப்பட இதில் என்ன இருக்கிறது தம்பி? லிம்போமாவுக்குக் கீமோவோடு வழக்கமாகக் கொடுக்கும் ஸ்டீராய்டே தொடைச் சதையைக் கரைக்கும். மிச்சத்தைப் படுக்கை பார்த்துக்கொள்ளும். நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வொன்றில், காலில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை போயிருந்தது. உங்கள் அப்பாவுக்கு நான்கு மாதம்! இந்த அசதி படுத்தால் தீராது. டானிக்கிலும் தீராது, டாக்டர் எழுதாத எதையும் வாங்காதீர்கள்.

அடுத்த செக்கப்பில் ஹீமோகுளோபின், பிளேட்லெட் எவ்வளவு, எவ்வளவு நடக்கலாம் என்று கேளுங்கள். சரி என்றால், நாற்காலியில் கையூன்றாமல் நாலு முறை எழுந்து உட்காரட்டும். அப்புறம் தெருமுனை வரை. இந்தக் கீமோவில் பலருக்குப் பாதம் மரத்துப்போகும்; கல் குத்தினாலும் சுட்டாலும் தெரியாது. ஆகவே பாடலீஸ்வரர் கோயில் பிரகாரம், சில்வர் பீச் மணல் என்று வெறுங்காலோடு கூட்டிப்போகாதீர்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடையை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கூட நடக்க வேண்டியது நீங்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்து அனுப்புகிற வேலையில்லை இது, பிள்ளை செய்ய வேண்டியது. வேலை என்று சாக்குச் சொல்லாமல் காலை ஆறு மணிக்கே கிளம்புங்கள். போனை வீட்டில் வையுங்கள். முதல் வாரம் அவர் வாய் திறக்கமாட்டார்; பேசச் சொல்லி நச்சரிக்காதீர்கள்.