இன்லான்டா, அவுட்லான்டா? கனடாவில் கணவன் மனைவி ஸ்பொன்சர் பற்றிய கேள்வி பதில்

கணவரையோ மனைவியையோ நிரந்தர வதிவிடத்துக்கு (பிஆர்) ஸ்பொன்சர் செய்ய இரண்டு வகுப்புகள் உண்டு. இருவரும் கனடாவில் ஒன்றாக வசித்தபடி போடுவதை இன்லான்ட் என்கிறோம். மற்றது குடும்ப வகுப்பு, அதாவது அவுட்லான்ட். துணை வெளிநாட்டில் இருந்தாலும் இதைப் போடலாம். 2013இல் விசிட்டர் விசாவில் வந்திருந்த என் கணவருக்கு நான் இன்லான்ட் போட்டேன். முடிவுக்குக் காத்திருந்தபோது யாழ்ப்பாணத்தில் மாமா காலமாகிவிட்டார். இவருடைய விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டும். போனால் திரும்பி வருவோமா என்ற பயத்தில் கொள்ளி வைக்கக்கூட இவர் போகவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதை விளக்கிச் சொல்லி வருகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, யாரிடமும் காசு வாங்குவதும் இல்லை.

கேள்வி (மார்க்கம், ஒன்ராறியோ): அக்கா, மனைவி விசிட்டர் விசாவில் வந்து என்னோடு இருக்கிறா. ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்கள். ஆள் உள்ளே நிற்பதால் இன்லான்ட்தான் போடவேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை தம்பி. அவுட்லான்ட் என்பது விண்ணப்பத்தின் வகுப்பு. ஆள் எங்கே நிற்கிறார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் மனைவி உங்களோடு ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ இருந்துகொண்டே குடும்ப வகுப்பில் போடலாம்.

முன்பு எல்லாரும் இன்லான்டுக்கு ஓடியதற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. 2014 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தில் இன்லான்ட் போட்டவர்களுக்கு மட்டும்தான் முடிவு வருமுன்பே ஓபன் வேர்க் பேர்மிட் (எந்த முதலாளியிடமும் வேலை செய்யும் அனுமதி) கிடைத்தது. 2023 மே மாதத்தில் அதை அவுட்லான்டுக்கும் திறந்துவிட்டார்கள். கனடாவில் செல்லுபடியாகும் தற்காலிக அந்தஸ்தோடு (விசிட்டர், மாணவர் போல) உங்களுடன் ஒரே முகவரியில் இருந்தால், முழுமையான விண்ணப்பம் போட்டதும் வேர்க் பேர்மிட்டுக்குக் கேட்கலாம். அதோடு அந்தப் பழைய காரணம் போய்விட்டது.

இனி இரண்டு விஷயங்களைத்தான் நீங்கள் யோசிக்கவேண்டும். முதலாவது பயணம். இன்லான்ட் வகுப்பின் அடிப்படையே இருவரும் கனடாவில் சேர்ந்து வசிப்பது. இடையில் ஊருக்குப் போய்த் திரும்பி நுழைய முடியாமல் போனால் விண்ணப்பம் விழுந்துவிடும். அவுட்லான்டில் போட்டவர் வெளியே மாட்டினாலும் கோப்பு உயிரோடு இருக்கும். இரண்டாவது மேன்முறையீடு. அவுட்லான்ட் மறுக்கப்பட்டால் ஸ்பொன்சர் செய்தவர் 30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே புதிய சான்றுகள் காட்டலாம், இருவரும் சாட்சி சொல்லலாம். இன்லான்டுக்கு அந்த உரிமை இல்லை. 15 நாட்களுக்குள் பெடரல் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டுப் போகவேண்டும். நீதிபதி பார்ப்பது அதிகாரியின் முடிவு நியாயமானதா என்பதை மட்டும்தான். வென்றாலும் கோப்பு இன்னொரு அதிகாரியிடம் திரும்பிப் போகும், பிஆர் கையில் வராது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் அவுட்லான்ட் போடுவேன். ஆறு மாதம் முடியுமுன்பே தங்கும் காலத்தை நீடிக்க விண்ணப்பித்துவிடுங்கள். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (ஏஜாக்ஸ்): எது விரைவாக முடியும்? எதற்குச் செலவு குறைவு?

பதில்: செலவு இரண்டுக்கும் ஒன்றுதான். 2024 ஏப்ரல் 30 அன்று அதை 1,205 டொலராக்கினார்கள். அப்போது அதில் நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் 575. விரலடையாளத்துக்கு அப்போது 85 தனி. இந்தக் கட்டணங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏறும் என்பதால் கட்டும் நாளில் ஒருமுறை பாருங்கள். காத்திருப்புக் காலம் அடிக்கடி மாறும், குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் போட்டிருப்பார்கள். ஒன்றிரண்டு மாத வித்தியாசத்துக்காக மேன்முறையீட்டு உரிமையை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு கையெழுத்து விடுபட்டாலே முழுக்கோப்பும் திரும்பி வரும், நேரம் அதிகம் வீணாவது அங்கேதான்.

கேள்வி (கோயம்புத்தூர்): வணக்கம் மேடம். என் கணவர் கால்கரியில் பிஆர். நான் இங்கே இருக்கிறேன். என் ஃபைலை டெல்லியில் கொடுக்கணுமா, சென்னையிலா? எது நல்லது?

பதில்: இரண்டிலும் இல்லை அம்மா. 2022 செப்டம்பரிலிருந்து இணையவழியில்தான் போடவேண்டும். எந்த அலுவலகம் கோப்பைப் பார்க்கும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, அவர்களே பிரித்துக்கொள்வார்கள். நீங்கள் ஊரில் இருப்பதால் உங்களுக்கு அவுட்லான்ட் ஒன்றுதான் வழி. விரலடையாளம் கொடுக்க மட்டும் சென்னை விசா மையத்துக்குப் போனால் போதும். மருத்துவப் பரிசோதனையை அவர்கள் அங்கீகரித்த டாக்டரிடம்தான் செய்யவேண்டும். போலீஸ் சான்றிதழ், கடந்த பத்து ஆண்டுகளில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்த எல்லா நாட்டிலிருந்தும் தேவை. துபாயில் வேலை பார்த்திருந்தால் அங்கிருந்தும் எடுங்கள். காத்திருக்கும் காலத்தில் விசிட்டர் விசா கேட்கவும் தடையில்லை. நிரந்தரமாக வர விரும்புகிறவர் தற்காலிகமாக வருவதையும் சட்டம் ஏற்கிறது. விசா முடியும் நாளில் வெளியேறுவீர்கள் என்று அதிகாரி நம்பவேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி (ஸ்காபரோ): நான் அகதிக் கோரிக்கை வைத்தவன். மறுத்துவிட்டார்கள். போன ஆண்டு கனடியக் குடியுரிமை உள்ள ஒருவரைத் திருமணம் செய்தேன். எனக்கு இப்போது அந்தஸ்து இல்லை. ஊருக்குப் போய் அங்கிருந்து போடு என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: தயவுசெய்து அவசரப்பட்டு விமானம் ஏறாதீர்கள். உங்களைப் போன்றவர்களுக்காகவே 2005 பெப்ரவரியிலிருந்து ஒரு பொதுக் கொள்கை இருக்கிறது. விசா காலம் கடந்து தங்கியவர்களும் அனுமதியில்லாமல் வேலை செய்தவர்களும்கூட, திருமணம் உண்மையானதாக இருந்து சேர்ந்து வாழ்ந்தால் இன்லான்ட் போட அது இடம் தருகிறது. நான் எல்லாருக்கும் அவுட்லான்ட் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். உங்களுக்கு இன்லான்ட்தான் பொருந்தும்.

ஆனால் அது முழுப் பாதுகாப்பு இல்லை. நாட்டைவிட்டு அனுப்புவதற்கான நேர்காணலுக்குக் கூப்பிடுமுன் போட்டிருந்தால் சாதாரணமாக 60 நாள் ஒத்திவைப்புக் கிடைக்கும். கூப்பிட்ட பிறகு போட்டால் அது கிடையாது. குற்ற வழக்கு, பொய்த் தகவல் போன்றவற்றை இந்தக் கொள்கை மன்னிக்காது. வேர்க் பேர்மிட்டும் முதற்கட்ட ஒப்புதல் வந்த பிறகுதான். இன்னொன்று, வெளியேறும் உத்தரவு நடைமுறைக்கு வந்து 30 நாட்களுக்குள் முறைப்படி பதிந்து வெளியேறாவிட்டால் அது நாடுகடத்தல் உத்தரவாக மாறிவிடும். அதன் பிறகு ஸ்பொன்சர் கிடைத்தாலும் திரும்பி வரத் தனி அனுமதி கேட்கவேண்டும். உங்கள் நண்பர் சொல்லாமல் விட்டது இதைத்தான். இந்த வாரமே உரிமம் உள்ள குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். இது என்னைப் போன்றவர்களின் பேச்சை மட்டும் கேட்டுச் செய்யும் வேலை இல்லை.

கேள்வி (யாழ்ப்பாணம்): அக்கா, எங்களுக்கு எழுத்து (திருமணப் பதிவு) முடிந்து ஒரு ஆண்டு. ஆறு பேர்தான் வந்தார்கள். தாலி கட்டுவது அவர் அடுத்தமுறை வரும்போது. எழுத்தை வைத்து இப்போதே போடலாமா?

பதில்: போடலாம், எழுத்து சட்டப்படி திருமணம்தான். ஆனால் அதிகாரியின் கண்ணால் யோசியுங்கள். ஆறு பேர், தாலி இல்லை, பெற்றோர் படத்தில் இல்லை. நம் சடங்கு தெரிந்த அதிகாரி, தமிழ் வீட்டில் இப்படி நடக்குமா என்று கேட்பார். எழுத்து ஏன் முந்தியது, சடங்கு எப்போது, யார் பேசி முடித்தார்கள் என்று கடிதமாக எழுதி வையுங்கள். இரு வீட்டாரும் சேர்ந்த படங்கள், அவர் வந்துபோன கடவுச்சீட்டு முத்திரைகள், அழைப்புப் பதிவுகள் எல்லாம் சேருங்கள். தமிழிலுள்ள ஆவணம் ஒவ்வொன்றுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். இதெல்லாம் செய்தும் மறுத்தால்தான் நான் மேலே சொன்ன மேன்முறையீடு கைகொடுக்கும். நல்லவேளை, நீங்கள் போடுவது அவுட்லான்ட்.

எழுத்தின்போது அவர் நேரில் நின்றார்தானே? 2015 ஜூன் 11க்குப் பிறகு போனிலோ இணையத்திலோ பதிலாள் வைத்தோ நடந்த திருமணத்தைக் கனடா குடிவரவு ஏற்பதில்லை.

கேள்வி (டோஹா): நான் கனடியக் குடியுரிமை உள்ளவன், கட்டாரில் வேலை. இங்கிருந்தே மனைவிக்குப் போடலாமா?

பதில்: போடலாம். மனைவிக்கு பிஆர் கிடைத்ததும் இருவரும் கனடாவில் குடியேறுவீர்கள் என்று காட்டவேண்டும். பிஆர் மட்டும் உள்ளவர் கனடாவில் வசித்தால்தான் ஸ்பொன்சர் செய்ய முடியும்.

கேள்வி (மொன்றியால்): எங்களுக்கும் இதே கணக்குத்தானா?

பதில்: வகுப்புகள் அதேதான். ஆனால் கியூபெக்கில் மாகாண அரசின் பொறுப்பேற்புப் பத்திரமும் (வருகிறவரைப் பராமரிப்பேன் என்ற உறுதி) வேண்டும். 2024 ஜூன் 26 முதல் 2026 ஜூன் 25 வரையான காலத்துக்கு எல்லாக் குடும்ப ஸ்பொன்சருக்கும் சேர்த்து மொத்தம் 13,000 பத்திரங்கள் என்று மாகாணம் வரம்பு வைத்தது. உங்களுக்கு எந்த வகுப்பு என்பதைவிட, நீங்கள் போடும் நாளில் மாகாணம் புதிய விண்ணப்பங்களை எடுக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

கேள்வி (பிராம்ரன்): நான் ஏற்கெனவே இன்லான்ட் போட்டு நாலு மாதம். கணவர் ஸ்டடி பேர்மிட்டில் இருக்கிறார். திருகோணமலையில் மாமிக்குக் கடுமையான சுகவீனம். அவுட்லான்டாக மாற்றிவிட்டுப் போகலாமா?

பதில்: மாற்ற முடியாது தங்கச்சி. இதைத் திரும்பப் பெற்றுப் புதிதாகத்தான் போடவேண்டும். ஒரே நேரத்தில் இரண்டும் வைத்திருக்க விடமாட்டார்கள். ஆனால் முதலில் அவருடைய கடவுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். பலமுறை நுழையும் விசாவும் ஸ்டடி பேர்மிட்டும் செல்லுபடியாக இருந்தால், குறுகிய பயணமாகப் போய் வரலாம். திணைக்களத்தின் கடிதங்கள், உங்கள் இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், திரும்பும் டிக்கெட் எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிடுங்கள். எல்லையில் விடுவது அந்த அதிகாரியின் முடிவு என்பதால் கொஞ்சம் ஆபத்து இருக்கத்தான் செய்யும். விசா முடிந்திருந்தால், புதிய விசா கைக்கு வருமுன் புறப்படவேண்டாம். அப்படியும் உடனே போயே ஆகவேண்டும் என்றால் இதைத் திரும்பப் பெற்று அவுட்லான்ட் போடுங்கள். நாலு மாதம் போகும், கட்டிய காசிலும் ஒரு பகுதி போகலாம். எங்கள் வீட்டில் மாமா காலமான அந்த நாள் திரும்ப வந்தால் நான் என் கணவரை அனுப்பிவைப்பேன்.