டனல் ஜங்ஷனில் மின் இரைச்சல் நிஜமாகவே ஒளியாக வெளிவருமா, இல்லை அளவீட்டுப் பிழையா?

வரும். டனல் ஜங்ஷன் என்றால் இரண்டு உலோகங்களுக்கு நடுவே மின்சாரம் கடத்தாத மிக மெல்லிய தடுப்பு; எலக்ட்ரான்கள் குவாண்டம் விதிப்படி அதை ஊடுருவிப் போகும். கேள்வியின் பின்பாதியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது: "எங்கேயோ வெளிச்சம் கசியுது, போய்ப் பாரு" என்று உங்கள் வழிகாட்டி சொல்லியிருப்பார். எனக்கும் அதேதான் கிடைத்தது.

இது பழைய சங்கதி. உலோகம், மெல்லிய ஆக்சைடு, மீண்டும் உலோகம் என்று அடுக்கி, 1976-லேயே லாம்ப், மெக்கார்த்தி என்ற இரு ஆய்வாளர்கள் அதில் ஒளியைப் பார்த்துவிட்டார்கள். எலக்ட்ரான்கள் குழாய்த் தண்ணீர்போல ஒழுகுவதில்லை. தனித்தனியாக, முன்னறிவிப்பில்லாமல் தாவுகின்றன. அந்தத் தாறுமாறுதான் மின் இரைச்சல்; அதில் ஒளியின் அதிர்வெண்வரை ஏற்ற இறக்கம் உண்டு. அது பிளாஸ்மானை, அதாவது உலோகத்தின் எலக்ட்ரான்கள் கூட்டமாக ஆடும் அலையை, உலுக்குகிறது; பிளாஸ்மான் ஃபோட்டானாகிறது, அதாவது ஒளித்துகளாகிறது. மின்னழுத்தத்தை எடுத்துவிட்டால் இருட்டுதான். மின்னழுத்தம் இல்லாதபோதும் குவாண்டம் விதியால் மிஞ்சும் சுழிப்புள்ளி இரைச்சல் மட்டும் ஒளி தராது.

நான் 5 கெல்வினில், ஊசிமுனை நுண்ணோக்கியில் (ஊசி முனைக்கும் உலோகப் பரப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் இங்கே ஜங்ஷன்) அளந்துகொண்டிருந்தேன். 1.6 வோல்ட் கொடுத்தால் ஓர் எலக்ட்ரான் தரக்கூடியது 1.6 எலக்ட்ரான் வோல்ட். அலைநீளம் குறையக் குறைய ஃபோட்டானின் ஆற்றல் கூடும்; ஆகவே 775 நானோமீட்டருக்குக் கீழே எதுவும் வரக்கூடாது. எனக்கு 700-இல் வந்தது.

மூன்று வாரம் கசிவு தேடினேன். கறுப்புத் துணி, அலுமினியத் தாள், கருவிகளின் குட்டி விளக்குகள்மேல் எல்லாம் டேப். ஒன்றும் குறையவில்லை. கடுப்பில் ஓர் இரவு மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினேன். 775-ஐத் தாண்டிய நீண்ட அலைகள் இரு மடங்காயின. 700-இல் இருந்தது ஏறக்குறைய நான்கு மடங்கு! அறைக்குள் கசியும் வெளிச்சத்துக்கு என் மின்னோட்டம் எப்படித் தெரியும்? இரண்டு எலக்ட்ரான்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு ஃபோட்டானுக்குச் செலவழித்திருக்கின்றன.

ஆற்றல் அழியாமை விதி செத்துவிட்டதா என்று யாரும் கிளம்ப வேண்டாம். இருவர் காசு சேர்ந்தால் வரம்பு 3.2, அவ்வளவுதான். எலக்ட்ரான்கள் சூடேறி ஒளிர்கின்றன என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள், தெரியும். பெரிய மின்னோட்டத்தில் அவர்கள் சொல்வது எடுபடலாம். என்னுடையது சின்ன மின்னோட்டம்.

அந்த வரைபடம் பிறகு ஒரு சீனியரின் கட்டுரையில் பின்னிணைப்பாக வந்தது. நன்றியுரையில் என் பெயர், அதுவும் எழுத்துப்பிழையோடு. பகல் நேரம் முழுக்க அவருக்கு, இரவு பதினொன்றுக்கு மேல் எனக்கு என்று கருவியைப் பங்கு போட்டதும் அவர்தான். சரி, அதை விடுங்கள்.

நீங்கள் துணி வாங்கப் போகாமல் முதலில் மின்னோட்டத்தை மாற்றிப் பாருங்கள். தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.