வீட்டுக்குத் திரும்பும் கணக்கு

கேள்வி: எம்.எஸ்சி. கணக்குப் படிக்கும் என் பேத்தி, குலங்களிலிருந்து ஆப்பரேட்டர் அல்ஜிப்ரா வரும், அவை ஒன்றையொன்று சாராமல் இருப்பதில் இரண்டு வகை உண்டு என்கிறாள். சாராதது என்றால் சாராததுதானே, அதில் என்ன இரண்டு வகை?
– வாசகி ஒருவர், கானாடுகாத்தான்

பதில்: நல்ல கேள்வி ஆச்சி. பதில் உங்கள் ஊர்த் தெருவிலேயே இருக்கிறது.

உங்கள் ஊரில் தெருக்கள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன, முகப்பு ஒரு தெருவில் என்றால் பின்கட்டு அடுத்த தெருவில். கிழக்கே ஒரு தெரு போய் வடக்கே திரும்பினாலும், வடக்கே போய் கிழக்கே திரும்பினாலும் ஒரே முக்குக்குத்தான் வருவீர்கள். கணக்கில் 'குலம்' (group) என்றால் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவும் திருப்பிவிடவும் கூடிய நகர்வுகளின் கூட்டம், அதன் ஒவ்வோர் உறுப்பும் இப்படி ஒரு நகர்வு. நகர்வுகளைக் கூட்டி, பெருக்கி, அவை நெருங்கிச் செல்லும் எல்லைகளையும் (limits) சேர்த்துக்கொண்டால் கிடைப்பதுதான் பேத்தி சொல்லும் அல்ஜிப்ரா. அதில் 'சுவடு' என்று ஓர் எண் உண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வழிகளை எண்ணுவது.

சரி, எண்ணிப் பார்ப்போம். முதலில் கிழக்கோ மேற்கோ, பிறகு வடக்கோ தெற்கோ, மறுபடி கிழக்கோ மேற்கோ, கடைசியில் வடக்கோ தெற்கோ. மொத்தம் 16 வழி. முதலடிக்கு எதிராக மூன்றாமடியும், இரண்டாமடிக்கு எதிராக நான்காமடியும் அமைந்தால் வீட்டு வாசல். அப்படி 4 வழி உண்டு. இரண்டு திசைக்கும் தனித்தனியே 2, பெருக்கினால் 4. நாணயம் சுண்டும் கணக்கில் நாம் படித்த பழைய சார்பின்மை இதுதான்.

இப்போது வேறோர் ஊர். அங்கேயும் ஒவ்வொரு முக்கிலும் நான்கு தெரு உண்டு, ஆனால் பிரிந்த தெருக்கள் பிறகு எங்கேயும் சேராது, மரக்கிளை மாதிரி. வந்த வழியே போனால்தான் வீடு. அதே 16 வழிகளையும் போட்டுப் பாருங்கள், ஒன்றுகூடத் திரும்பாது, ஏனென்றால் எடுத்த அடியை உடனே பின்வாங்க முடியாமல் ஒவ்வோர் அடியிலும் தெரு மாறிவிடுகிறது. 4 இருந்த இடத்தில் 0! இதுதான் கட்டற்ற சார்பின்மை. இந்த ஊருக்குக் 'கட்டற்ற குலம்' என்று பெயர்.

1980களில் ருமேனியக் கணிதர் டான் வொய்குலெஸ்கு இந்தக் கட்டற்ற சார்பின்மையைக் கொண்டுவந்ததே ஒரு பழைய புதிரைப் பிடிக்கத்தான். இரண்டு வகைத் தெரு (கிழக்கு–மேற்கு, வடக்கு–தெற்கு) உள்ள கட்டற்ற குலமும் மூன்று வகை உள்ளதும் வேறு வேறு குலங்கள், அதில் சந்தேகமே இல்லை. அவை தரும் அல்ஜிப்ராக்களும் ('வான் நோய்மன் அல்ஜிப்ரா' என்பது அவற்றின் பெயர்) வேறா, ஒன்றேதானா? 1990களில் டைக்கெமா, ராதுலெஸ்கு என்ற இரு கணிதர்கள் தனித்தனியே ஓர் அழகான விஷயத்தைக் காட்டினார்கள்: இரண்டு, மூன்று, நான்கு என்று போகும் அந்த அல்ஜிப்ராக்கள் அத்தனையும் ஒன்று, அல்லது எந்த இரண்டும் ஒன்றல்ல, நடுவில் வேறு நிலையே கிடையாது. எது என்றுதான் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை.