பழைய எச்எம்-2 பெடலுக்கு மூன்று மடங்கு விலையா?

கேள்வி: ஸ்வீடன் டெத் மெட்டல் குழுவான என்டூம்டின் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆல்பத்தில் வரும் ரம்பம் அறுக்கிற மாதிரியான கிட்டார் சத்தம் எங்கள் டெமோவுக்கு வேண்டும். ஜப்பானில் செய்த, பாஸ் நிறுவனத்தின் பழைய எச்எம்-2 பெடலில்தான் (கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்க, காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி) அது வரும் என்று ஒருவர் சொல்லி, புதியதைப் போல மூன்று மடங்கு கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் காசில் ஸ்டுடியோவில் கூடுதலாக ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆல்பம் 1989 டிசம்பரில், ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில், தயாரிப்பாளர் தாமஸ் ஸ்கோக்ஸ்பெர்க் கையில் பதிவாகி, 1990-இல் வெளிவந்தது. அந்தப் பையன்களிடம் அபூர்வப் பொருள் எதுவும் கிடையாது. எச்எம்-2 அன்று பலர் ஏளனம் செய்த பெடல், 1991-இல் உற்பத்தியே நின்றுபோனது. அதன் நான்கு குமிழ்களையும் கடைசிவரை திருகி வைத்தார்கள், அவ்வளவுதான் ரகசியம். அதைத் தொடங்கி வைத்தவர், இந்தக் குழு நிஹிலிஸ்ட் என்ற பெயரில் இருந்தபோது கிட்டார் வாசித்த லெய்ஃப் குஸ்னர் என்பார்கள்.

நான்கில் 'எச்' என்ற குமிழைத்தான் எல்லோரும் கெடுக்கிறார்கள். உச்ச ஒலிக்கானது என்று நினைக்கிறோம், ஆனால் அது தூக்குவது 1000 ஹெர்ட்ஸ் பக்கத்து நடு ஒலியை. வீட்டில் தனியாக வாசித்தால் காது கூசும், உடனே பாதிக்குக் குறைப்பீர்கள், ரம்பம் போய்விடும், அப்புறம் பெடல் போலி என்று சந்தேகம் வரும். குறைக்காதீர்கள். கிட்டாரை நன்றாகத் தாழ்த்தி ட்யூன் செய்து, ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை) இடது பக்கத்துக்கு ஒரு தடவை, வலது பக்கத்துக்கு ஒரு தடவை தனித்தனியாக வாசித்து, அடியில் பேஸும் டிரம்ஸும் வைத்துக் கேளுங்கள். அந்த ஆல்பத்தில், பேஸ் வாசித்தவர் பிரிந்துபோனதால் அதையும் குழுவில் மிஞ்சியவர்களே வாசித்தார்கள். பல பாட்டுகள் நிஹிலிஸ்ட் டெமோக்களிலேயே வாசித்துத் தேய்ந்தவை. அப்படி வாசித்து வாசித்து வந்த இறுக்கத்தை எந்தப் பெடலும் தராது.

இனி உங்கள் ஆசாமிக்கு வருவோம். பெடலின் அடியில் 'ஜப்பான்' என்று இருந்தால் ஒரு விலை, 'தைவான்' என்று இருந்தால் ஒரு விலை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆன உள்பாகங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்டால் பதில் வராது. ஒருவர் ஏலத்தில் வாய்க்கு வந்த தொகையைப் போடுகிறார், அடுத்தவர் அதையே சந்தை நிலவரம் என்று காட்டுகிறார், நடுவில் நிற்பவர் கமிஷன் அடிக்கிறார். பெடலை மிதித்துக்கூடப் பார்க்காதவர்கள்தான் இதில் பாதிப்பேர். 2021-இல் பாஸ் நிறுவனமே எச்எம்-2டபிள்யூ என்று மறுபடி கொண்டுவந்துவிட்டது. அதில் 'ஸ்டாண்டர்டு' நிலை பழைய சத்தத்துக்கானது. காசு இல்லையா, அதே பாணியில் பெஹ்ரிங்கர் நிறுவனம் செய்யும் மலிவான எச்எம்300 போதும். பிளாஸ்டிக் உடம்புதான், டெமோ எடுக்கத் தாங்கும்.

ஒரே ஒரு விஷயம். நண்பரிடமிருந்து பழையது சும்மா கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் அடாப்டர் மாட்டுவதற்கு முன் அடிப்பக்க லேபிளைப் படியுங்கள். 'ஏசிஏ' என்று போட்டிருந்தால் அது அந்தக் காலத்து அடாப்டருக்குச் செய்தது, அதில் வந்த கூடுதல் வோல்ட்டைக் குறைக்க உள்ளே ஒரு ஏற்பாடு இருக்கும். இன்றைய 9 வோல்ட் அடாப்டரை நேரடியாக மாட்டினால் அந்த 9-உம் குறைந்து, விளக்கு மங்கி, சத்தம் சோர்ந்துபோகும். பழுதாகிவிட்டது என்று யாராவது ரிப்பேருக்குக் காசு பிடுங்குவார்கள், கொடுக்காதீர்கள். 9 வோல்ட் பேட்டரி போட்டாலே ஒழுங்காக வேலை செய்யும். இல்லாவிட்டால் 'பிஎஸ்ஏ' (இன்றைய 9 வோல்ட் அடாப்டருக்கான குறி) என்று போட்ட இன்னொரு பெடலோடு ஒரே சப்ளையில் கோத்து, இரண்டையும் கிட்டார் கேபிளாலும் இணையுங்கள், அப்போதும் சரியாகிவிடும். லேபிளில் 'பிஎஸ்ஏ' என்றே இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, இன்றைய அடாப்டரையே மாட்டலாம்.