உடம்பு வலிக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசியா?

கேள்வி: டாக்டர், எனக்கு 46 வயது. மல்லிகை பறிக்கும் வேலை, ராத்திரி இரண்டரைக்கே எழுந்து நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவேன். ஒரு வருடமாகக் கழுத்து, தோள்பட்டை, இடுப்பு எல்லாம் வலி, எழுந்திருக்கும்போதே அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. வாத டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாம் நார்மல். 'ஃபைப்ரோமயால்ஜியா' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஜிம்முக்குப் போகும் என் மகன், வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறான். லேசாகச் சர்க்கரையும் உண்டு. போடலாமா?
– வாசகி, வலையங்குளம்

பதில்: வேண்டாம்மா. ஆனால் உங்கள் மகன் சொன்னது முழுக்கக் கட்டுக்கதையும் இல்லை. வளர்ந்து முடித்த பிறகும் தசைக்கும் எலும்புக்கும் இந்த ஹார்மோன் வேண்டும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதை அதிகமாக விடுவது ஆழ்ந்த தூக்கத்தில்தான், உங்களுக்கோ அந்தத் தூக்கமே பாதியில் கலைகிறது! 1975-லேயே கனடாவில், நன்றாக இருந்தவர்களின் ஆழ்ந்த தூக்கத்தைச் சத்தம் போட்டுக் கலைத்துப் பார்த்தபோது அவர்களுக்கும் உடம்பு வலி வந்தது. ஃபைப்ரோமயால்ஜியா என்கிற இந்த உடம்பெங்கும் வலிக்கும் நோய் உள்ளவர்களில் சிலருக்கு, வளர்ச்சி ஹார்மோன் தூண்டி ஈரல் சுரக்கும் ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருள் குறைவாக இருப்பதும் உண்மை. அப்படிப்பட்ட 50 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1998-ல் வெளியானது. ஒன்பது மாதம் தினமும் ஊசி, அதுவும் ஆறு மாதம் போல ஆன பிறகுதான் குணம் தெரிந்தது, நிறுத்தியதும் வலி திரும்பிவிட்டது.

சரி, போட்டால் என்ன? நீர் கோர்த்துக்கொள்ளும், மூட்டு வலிக்கும், விரல் மரத்துப்போகும், சர்க்கரை ஏறும். பூ பறிக்கிற கைக்கு இது தேவையா? பிட்யூட்டரியில் கட்டி வந்து இந்த ஹார்மோன் மிஞ்சிப் போனவர்களுக்கு மூட்டே தேய்ந்துவிடுகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய், அப்புறம் பால் சுரக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருந்ததா? தலையில் பலத்த அடி பட்டதுண்டா? இருந்தால் பிட்யூட்டரியே பழுதாகி ஹார்மோன் குறைந்திருக்கலாம், ஹார்மோன் நிபுணரைப் பாருங்கள், அது வேறு வழக்கு. ஹார்மோனை நேரடியாக ஒரு தடவை ரத்தத்தில் பார்ப்பதில் பயனில்லை, நாள் முழுக்க ஏறி இறங்கும், ஐ.ஜி.எஃப்-1 பார்த்துத்தான் மேலே போவார்கள்.

இல்லையென்றால் தைராய்டும் வைட்டமின் டி-யும் பாருங்கள். சீரியலை விட்டுவிட்டு எட்டு மணிக்கே படுங்கள், சாயங்காலம் கொஞ்சம் நடங்கள், குனிந்து நிமிர்கிற வேலை நடையாகாது. தூக்கத்துக்கும் வலிக்கும் சேர்த்து இரவில் குறைந்த அளவில் கொடுக்கிற மாத்திரை உண்டு, உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

அப்புறம், மகன் அந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறானா என்று விசாரியுங்கள்.