முன்சக்கர ஸ்பேசருக்குப் பின் வந்த அதிர்வும் உரசலும்

வணக்கம். பிஎம்டபிள்யூ இ46 எம்3 காரின் முன்பக்கம் 15 மிமீ ஸ்பேசரும் (சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்த அதன் பின்னால் வைக்கும் உலோகத் தட்டு) 235 மிமீ அகலமுள்ள 235/40ஆர்18 டயரும் போட்ட பிறகு, 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் அதிர்வதாகவும், முழுதாகத் திருப்பினால் டயர் உரசுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் அதிர்வு. சக்கரங்களைக் கழற்றி, ஸ்பேசரின் உள்துளை 72.6 மிமீ அளவுள்ள ஹப்பில் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) ஆட்டமின்றிப் பொருந்துகிறதா, வெளிமுகத்தில் சக்கரத்தை நடுவில் நிறுத்தும் விளிம்பு உள்ளதா என்று பாருங்கள். ஹப் முகத்தில் துளித் துரு ஒட்டியிருந்தாலும் ஸ்பேசர் சாய்ந்தே அமரும் என்பதால், கம்பித் தூரிகையால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்துவிடுங்கள். பழைய போல்ட்டுகளையே போட்டிருந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். 15 மிமீ நீளம் கூடிய போல்ட் கட்டாயம். 12 மிமீ தடிமனும் 1.5 மிமீ புரியிடைவெளியும் கொண்ட அது குறைந்தது எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும்.

உரசல் வெறும் கணக்குதான். 225 மிமீ அகல டயருக்குப் பதில் 235 போட்டதில் ஒரு பக்கத்துக்கு 5 மிமீ, ஸ்பேசரால் 15 மிமீ, ஆக டயரின் வெளிப்பக்கம் 20 மிமீ தள்ளி நிற்கிறது. நானாக இருந்தால் மட்கார்டின் உள்விளிம்பை மடிக்காமல் 10 மிமீ ஸ்பேசருக்கு, அதற்கேற்ற போல்ட்டுகளோடு, இறங்கிவிடுவேன். மாட்டியபின் சுமார் 80 கி.மீ. ஓட்டிவிட்டு, டார்க் ரெஞ்சால் (குறித்த விசையளவுக்கு இறுக்கும் கருவி) மறுபடி இறுக்கிப் பாருங்கள்.